தஞ்சாவூர் தொகுதிக்கு அட்டெண்டன்ஸ் 57 சதவீதம்

75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லேன்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மெடிக்கல் சர்டிஃபிகேட், கண்டோனேஷன் ஃபீஸ், எச்.ஓ.டி. ரூம் வாசல்ல கால் கடுக்க நிக்கிறது. 65-க்கும் கீழ போயிட்டா அந்த வழியும் அடைச்சுடும். அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடலாம். 2016 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழ்நாடு சட்டமன்றம் 2021 மே வரை இருந்தது. மொத்தம் 60 மாதங்கள். இதில் தஞ்சாவூர் தொகுதிக்கு எம்.எல்.ஏ. என்று ஒருவர் இருந்தது சுமார் 34 மாதங்கள்தான். மீதி 26 மாதம் நாற்காலி காலி. 34-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்க: 57 சதவீதம். நம்ம ரெகுலேஷன்படி கண்டோனேஷனுக்குக்கூட தகுதி கிடையாது.

இத்தனைக்கும் இதில் ஒரு எம்.எல்.ஏ.வும் இறந்து போகவில்லை, யாரும் ராஜினாமா செய்யவும் இல்லை. அப்புறம் எப்படி இரண்டு வருஷத்துக்கு மேல ஒரு தொகுதி காலியா கிடந்தது? இடைத்தேர்தல்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது அமைச்சர்கள் தெருத்தெருவா சுத்துறது, மண்டபத்துல பிரியாணி, டிவியில் ரவுண்டு வாரியா ரிசல்ட். அதுக்கு முன்னாடி நாற்காலி காலியா இருந்த நாட்களைப் பத்தி யாரும் பேசறதில்ல. இந்தக் கட்டுரை அந்தக் காலி நாட்களைப் பற்றியது. டெல்டாவுல படிக்கிற நமக்கு இதுல சம்பந்தம் இருக்கு.

முதல் 6 மாதம்: தப்பு யாரோடது, தண்டனை யாருக்கு?

2016 மே 16 அன்று தமிழ்நாடு முழுக்க ஓட்டுப் போட்டது. தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் போடவில்லை. வாக்காளர்களுக்குப் பெரிய அளவில் பணமும் பொருளும் கொடுக்கப்பட்டதாகச் சொல்லி, தேர்தல் ஆணையம் இரண்டு தொகுதிகளிலும் வாக்குப்பதிவைத் தள்ளி வைத்தது. முதலில் மே 23 என்றார்கள். அப்புறம் ஜூன் 13. கடைசியில் மே 28-ஆம் தேதி தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்துவிட்டார்கள். ஓட்டுக்குப் பணம் கொடுத்ததற்காக ஒரு சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் தடவை. ராஜராஜன் பெரிய கோயில் கட்டிய ஊருக்கு இப்படியும் ஒரு பெருமை.

மறுபடி தேர்தல் நடந்தது 2016 நவம்பர் 19-இல். கூடவே திருப்பரங்குன்றத்துக்கும் நடந்தது. அங்கே ஜெயிச்ச எஸ்.எம்.சீனிவேல் பதவி ஏற்பதற்கு முன்பே இறந்துவிட்டதால் அது முறையான இடைத்தேர்தல். தஞ்சாவூரில் நடந்தது சட்டப்படி இடைத்தேர்தல்கூட இல்லை, தள்ளிப் போன பொதுத்தேர்தல். ஊர்க்காரங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் பெரிசில்ல. அவங்களுக்குத் தெரிஞ்சது, 6 மாசமா ஆள் இல்லைங்கறதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, வாக்குப்பதிவுக்குப் 11 நாள் முன்னாடி, நவம்பர் 8 ராத்திரி, 500 ரூபாயும் 1000 ரூபாயும் செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க. பணப் பட்டுவாடாவுக்காக ரத்தான தேர்தல், பணமே இல்லாத நேரத்தில் திரும்ப வந்தது. பேங்க் வாசல்ல நோட்டு மாத்த வர்றவங்க விரல்ல மை வைக்கலாம்னு மத்திய அரசு சொல்ல, தேர்தல் நடக்கப் போற இடங்கள்ல குழப்பம் வரும்னு தேர்தல் ஆணையம் கடிதம் எழுதிய கதையும் அதே வாரத்தில் நடந்ததுதான்.

ஆனா என்னை யோசிக்க வைக்கிறது வேற ஒண்ணு. மே மாதம் ரத்தான தேர்தலில் நின்ற இரண்டு பெரிய கட்சிகளின் வேட்பாளர்களும் (அ.தி.மு.க.வின் எம்.ரெங்கசாமி, தி.மு.க.வின் அஞ்சுகம் பூபதி) நவம்பரிலும் நின்றார்கள். நிற்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. ரெங்கசாமி ஜெயித்தார். யார் பணம் கொடுத்தார்கள் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, அது கோர்ட் வேலை. நான் கேட்பது இதுதான்: தேர்தலை ரத்து செய்ததால் யாருக்கு நஷ்டம்? கட்சிகளுக்கு இன்னொரு ரவுண்டு பிரச்சாரம் கிடைத்தது. வேட்பாளர்களுக்கு இன்னொரு சான்ஸ் கிடைத்தது. பணம் வாங்காதவரும் சேர்த்து, மொத்தத் தொகுதியும் 6 மாதம் சட்டமன்றத்தில் குரல் இல்லாமல் இருந்தது. கிளாஸ்ல நாலு பேர் காப்பி அடிச்சா மொத்த கிளாஸுக்கும் ரிசல்ட் வித்ஹெல்டு போடுற மாதிரி.

அந்த 6 மாதம் சாதாரண 6 மாதமும் இல்லை. அந்த வருஷம் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-க்குத் திறக்கவில்லை. செப்டம்பர் 20-க்குத்தான் திறந்தார்கள். குறுவை போச்சு. வடகிழக்குப் பருவமழையும் கைவிட, சம்பா காய்ந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. டெல்டாவின் தலைநகரம் என்று சொல்லிக்கொள்கிற ஊரின் நாற்காலி, அந்த வறட்சி உருவாகிக்கொண்டிருந்த மாதங்களில் காலி.

அடுத்த 20 மாதம்: டெனாமினேட்டரைக் குறைக்கும் வித்தை

ரெங்கசாமி எம்.எல்.ஏ. ஆகி 10 மாதம்கூட முழுசா ஓடவில்லை. 2017 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, டி.டி.வி.தினகரன் பக்கம் இருந்த 19 எம்.எல்.ஏ.க்கள் முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி மேல் நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அதில் ஒருவர் பின்வாங்கினார். மீதி 18 பேரையும் சபாநாயகர் ப.தனபால் செப்டம்பர் 18-இல் தகுதி நீக்கம் செய்தார். அந்தப் 18-இல் தஞ்சாவூரும் ஒன்று.

இங்கே கொஞ்சம் அரித்மெடிக். சட்டமன்றத்தில் 234 பேர். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 18 பேரை எடுத்துவிட்டால் 216. ஜெயலலிதா மறைந்த பிறகு ஆர்.கே.நகரும் காலியாக இருந்தது. ஆக 215. இப்போது பெரும்பான்மைக்கு 108 போதும். ஒரு பின்னத்தின் மதிப்பைக் கூட்ட மேலே இருக்கிற எண்ணைக் கூட்டணும்னு இல்ல, கீழே இருக்கிறதைக் குறைச்சாலும் போதும். இது உங்களுக்குத் தெரியும்.

தகுதி நீக்கம் சரியா தப்பா என்பதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. கோர்ட்டே தடுமாறியது. 2018 ஜூன் 14-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25-இல் தகுதி நீக்கம் செல்லும் என்றார். அதுவரை இடைத்தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று கோர்ட் தடை இருந்தது. தடை போட்டதிலும் நியாயம் இருக்கு. நாளைக்கு தகுதி நீக்கம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்தா, ஒரே நாற்காலிக்கு இரண்டு எம்.எல்.ஏ. இருப்பாங்களே.

ஒவ்வொருவரும் அவரவர் நிலையில் காரணத்தோடுதான் நடந்திருக்கிறார்கள். ஆனால் மொத்தத்தில் தஞ்சாவூர் வாக்காளர் 2017 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை, 20 மாதம், ஆள் இல்லாமல் இருந்தார். ஒவ்வொரு காம்பொனென்ட்டும் ஸ்பெக் படி சரியா வேலை செய்யுது, ஆனா சிஸ்டம் ஃபெயில் ஆகுது. டிசைனில்தான் தப்பு.

டிசைன் தப்பு எங்கே என்று காட்ட இன்னொரு உதாரணம். அதே 2017-இல், பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஓ.பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 எம்.எல்.ஏ.க்கள் மேலும் தகுதி நீக்கப் புகார் இருந்தது. 18 பேர் விஷயத்தில் 27 நாளில் முடிவு வந்தது. 11 பேர் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 பிப்ரவரியிலும் சபாநாயகர் முடிவு எடுக்கவில்லை. ஒரே சட்டம், ஒரே நாற்காலியில் உட்கார்ந்த ஒரே சபாநாயகர். ஒரு ஃபைல் எக்ஸ்பிரஸ், இன்னொரு ஃபைல் பாசஞ்சர். டைம் லிமிட் எழுதி வைக்காத இடத்தில் இதுதான் நடக்கும், எந்தக் கட்சி ஆட்சியாக இருந்தாலும்.

கஜா அன்று யார் இருந்தார்கள்?

"ஒரு எம்.எல்.ஏ. இல்லேன்னா என்ன குடி முழுகிப் போச்சு? கலெக்டர் இருக்கார், தாசில்தார் இருக்கார், வேலை நடக்கத்தானே செய்யுது?" என்று ஹாஸ்டலில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்றேன்.

அந்த 20 மாதத்தில் டெல்டாவுக்கு என்னென்ன நடந்தது என்று பாருங்க. 2018 பிப்ரவரி 16: காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. தமிழ்நாட்டின் பங்கு 192-லிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. 2018 ஜூன்: காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. 2018 மார்ச்சிலும் 2019 பிப்ரவரியிலும் இரண்டு மாநில பட்ஜெட்டுகள். 2018 நவம்பர் 16 அதிகாலை: வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன.

அந்த நவம்பர் 16 காலையில் தஞ்சாவூர் நகரத்தில் ஒரு குடிமகனுக்கு யார் இருந்தார்கள்? எம்.எல்.ஏ. இல்லை. கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. ஏனென்றால் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. நடுவில் எல்லாம் தனி அதிகாரிகள் ஆட்சி. ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் என்று இருந்தது டெல்லியில் ஒரு எம்.பி. மட்டும்.

பக்கத்து மாவட்டத் தலைநகரம் திருவாரூரிலும் அதே கதை. 2018 ஆகஸ்ட் 7-இல் மு.கருணாநிதி மறைந்ததிலிருந்து அந்தத் தொகுதி காலி. இரண்டு டெல்டா மாவட்டத் தலைநகரங்கள், இரண்டிலும் எம்.எல்.ஏ. இல்லாத நேரத்தில் புயல் வந்தது. நிவாரணம் போதுமா, கணக்கெடுப்பு சரியா என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, 2019 ஜனவரி 2-இல் ஆளுநர் உரையோடு சட்டமன்றம் கூடியது. தஞ்சாவூர், திருவாரூர் என்று அட்டெண்டன்ஸ் எடுத்திருந்தால் "உள்ளேன் ஐயா" சொல்ல ஆள் இல்லை.

கலெக்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. அதிகாரிகள் ராத்திரி பகலாக உழைத்தார்கள். பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ.க்களும் டெல்டாவுக்காகப் பேசினார்கள். ஆனா அதிகாரிக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நீங்க கொடுக்கிற மனு ஒரு வேண்டுகோள். சட்டமன்றத்தில் ஒரு உறுப்பினர் கேட்கிற கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்லணும், அது அவைக்குறிப்பில் ஏறும், நாளைக்கு அதைக் காட்டி "அன்னைக்கு இப்படிச் சொன்னீங்களே"ன்னு கேட்கலாம். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை மழையில் நனையுது, 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல எடுக்க மாட்டேங்கறாங்க என்றால், அதிகாரி விதியைக் காட்டுவார். அவர் வேலை அது. விதியையே மாற்றச் சொல்லி அவையில் சண்டை போடுவது எம்.எல்.ஏ. வேலை. எல்லா எம்.எல்.ஏ.வும் அப்படிச் சண்டை போடறாங்களான்னு கேட்டா, இல்ல. ஆனா போடாதவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம். காலி நாற்காலியை எப்படி மாற்றுவீங்க?

திருவாரூர்: தள்ளி வைத்தது தப்பா?

இந்த இடத்தில் என் வாதத்துக்கே எதிரான ஒரு விஷயத்தையும் சொல்லணும். திருவாரூருக்கு 2019 ஜனவரி 28-இல் இடைத்தேர்தல் என்று 2018 டிசம்பர் 31-இல் அறிவித்தார்கள். ஒரே வாரத்தில், ஜனவரி 7-இல், அதை ரத்து செய்தார்கள். காரணம் கஜா. தேர்தல் நடத்தை விதிமுறை வந்தால் நிவாரணப் பணி தடைபடும், அதிகாரிகள் எல்லாம் தேர்தல் வேலைக்குப் போயிடுவாங்க என்று கட்சிகளே சொன்னார்கள்.

அது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். கூரை இல்லாதவங்க வீட்டு வாசல்ல போய் சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிறது நல்லாவா இருக்கும்? நிவாரணத்துக்கும் ஓட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கும் நடுவில் கோடு எங்கே என்று யார் கண்டுபிடிப்பது? ஆனா அதே முடிவால் திருவாரூரும் 2019 ஏப்ரல் 18 வரை காத்திருந்தது. நிவாரணம் பற்றிப் பேச ஆள் வேணும், ஆளை அனுப்பத் தேர்தல் வைத்தால் நிவாரணம் நிற்கும். இந்த முடிச்சை அவிழ்க்க இப்போதைக்கு நம்ம சட்டத்தில் வழி இல்லை. "காலியானா உடனே தேர்தல் வை" என்று ஒரே வரியில் தீர்க்க முடியாத பிரச்சினை இது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்லுது?

1951-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ என்று ஒரு பிரிவு, 1996-இல் சேர்த்தது. நாற்காலி காலியான 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தணும். இரண்டு விலக்கு உண்டு. மீதிப் பதவிக்காலம் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருந்தால் வேண்டாம். 2025 ஜூனில் வால்பாறை எம்.எல்.ஏ. அமுல் கந்தசாமி மறைந்தபோது சட்டமன்றத்துக்கு 11 மாதம்கூட பாக்கி இல்லை, அதனால் இந்த விலக்கு பொருந்தியது. இன்னொன்று, 6 மாதத்துக்குள் நடத்துவது கஷ்டம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்று கொடுத்தால் தள்ளலாம்.

படிக்க நல்ல சட்டம்தான். ஆனா கோர்ட்டில் தடை என்றால் 6 மாதக் கணக்கு அப்படியே நின்னுடுது. கேஸ் எத்தனை நாளில் முடியணும் என்று கணக்கு இல்லை. தேர்தலே ரத்தானால் எத்தனை நாளில் மறுபடி வைக்கணும் என்று தெளிவான கெடு இல்லை. திருப்பரங்குன்றத்தில் 2016 நவம்பரில் ஜெயித்த ஏ.கே.போஸின் வெற்றி செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2019 மார்ச் 22-இல். போஸ் 2018 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார். செல்லாத எம்.எல்.ஏ. என்ற தீர்ப்பு, எம்.எல்.ஏ. இறந்து 7 மாதம் கழித்து வருது. இதை வெச்சு யாரு என்ன செய்ய?

2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் நல்ல வார்த்தை ஒன்று சொன்னது: தகுதி நீக்கப் புகாரை, அசாதாரணக் காரணம் இல்லாவிட்டால், சபாநாயகர் 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். என் யோசனை எளிது. சபாநாயகருக்குச் சொன்ன அதே கெடுவைக் கோர்ட்டுகளும் தங்களுக்கு வைத்துக்கொள்ளட்டும். நாற்காலி காலியாக இருக்கிற வழக்குகளை மட்டும் தனி வரிசையில் எடுத்து, 3 மாதத்துக்குள் முடிக்கட்டும். இந்த மாதிரி கேஸ் வருஷத்துக்கு ஆயிரமா வருது?

இரண்டாவது, பணப் பட்டுவாடா. 2016-இல் தஞ்சாவூரை ரத்து செய்ய ஆணையம் நம்பியது அரசியல் சாசனத்தின் 324-ஆவது பிரிவு தரும் பொது அதிகாரத்தை. பூத்தைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த 58ஏ என்று தனிப் பிரிவு இருக்கிறது. பணத்துக்கும் அப்படி ஒன்று வேணும்னு ஆணையம் கேட்டது. அதைக் கொடுக்கும்போது கூடவே ஒரு கெடுவும் எழுதணும்: ரத்தான தேர்தல் 60 நாளில் திரும்ப நடக்கணும். ரத்துக்குக் காரணமான வழக்குகள் அந்த 60 நாளில் விசாரணைக்கு வரணும். இல்லேன்னா ரத்து என்பது கட்சிகளுக்கு ஒரு இன்டர்வல், அவ்வளவுதான். 2017-இல் ஆர்.கே.நகரில் ஏப்ரல் 12 தேர்தல் ரத்தாகி டிசம்பர் 21-இல் நடந்தது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்ட் 5-இல் நடந்தது. இரண்டு இடத்திலும் காத்திருந்தது வாக்காளர்கள்தான்.

மூன்றாவது, சொந்த விருப்பத்தில் காலி செய்கிற நாற்காலிகள். 2019-இல் நாங்குநேரி எம்.எல்.ஏ. எச்.வசந்தகுமார் எம்.பி. ஆனதால் ஒரு இடைத்தேர்தல். 2024-இல் விளவங்கோடு எம்.எல்.ஏ. விஜயதரணி கட்சி மாறி ராஜினாமா செய்ததால் ஒரு இடைத்தேர்தல். ராகுல் காந்தி இரண்டு தொகுதியில் ஜெயித்து ஒன்றை விட்டதால் வயநாட்டில் ஒரு இடைத்தேர்தல். இது எதுவும் சட்ட விரோதம் இல்லை. ஆனா ஒருத்தர் ஒரு தொகுதியில்தான் நிக்கணும், இல்லேன்னா இடைத்தேர்தல் செலவுக்குப் பணம் கட்டணும் என்று தேர்தல் ஆணையம் 2004-லேயே சொல்லிவிட்டது. சட்ட ஆணையமும் 2015 அறிக்கையில் ஒருவருக்கு ஒரு தொகுதி என்றது. நாம அரியர் எழுதினா பேப்பருக்கு இவ்வளவுன்னு நாமதானே கட்டறோம்?

"ஜெயிச்ச கட்சிக்கே கொடுத்துடலாமே"

இன்னொரு யோசனையும் அடிக்கடி கேட்கிறோம். இடைத்தேர்தலே வேண்டாம், எப்படியும் ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும், காலியான இடத்துக்கு அந்தக் கட்சியே ஆளைப் போட்டுக்கட்டும். இலங்கையில் அப்படித்தான். அங்கே விகிதாசார முறை, எம்.பி. இடம் காலியானால் அதே கட்சிப் பட்டியலில் அடுத்த ஆள் உள்ளே போவார். செலவு மிச்சம், தொல்லை மிச்சம்.

அங்கே அது பொருந்தும். அங்கே மக்கள் முதலில் ஓட்டுப் போடுவது கட்சிப் பட்டியலுக்கு. இங்கே நாம் ஓட்டுப் போடுவது ஒரு ஆளுக்கு. அதைவிட முக்கியமா, தஞ்சாவூர் விஷயத்தில் அந்த முறை என்ன செய்திருக்கும் என்று யோசிங்க. முதலமைச்சரை எதிர்த்ததால் நீக்கப்பட்டவரின் நாற்காலியில், அந்த முதலமைச்சரின் கட்சியே இன்னொருவரை உட்கார வைத்திருக்கும். 2019-இல் தேர்தல் நடந்தபோது தஞ்சாவூர் மக்கள் தி.மு.க.வின் டி.கே.ஜி.நீலமேகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஏப்ரல், மே மாதங்களில் 22 தொகுதிகளுக்கு நடந்த தேர்தலில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. அந்த 9-தான் ஆட்சியைக் காப்பாற்றியது, அந்த 13-தான் எதிர்க்கட்சியைப் பலப்படுத்தியது. இரண்டு செய்தியும் மக்களிடமிருந்து வந்தது. ஆர்.கே.நகரில் 2017-இல் ஒரு சுயேச்சை, குக்கர் சின்னத்தில், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி இரண்டையும் தோற்கடித்தார். பிடிக்குதோ பிடிக்கலையோ, முடிவு மக்களோடது. செலவை மிச்சம் பிடிக்க அந்த முடிவைக் கட்சி ஆபீசுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னா, வேண்டாம்.

சரி, நாம என்ன செய்யலாம்?

எல்லாப் பழியையும் சபாநாயகர், கோர்ட், கட்சி என்று தூக்கிப் போட்டுவிட்டு நாம் ஓரமாக நிற்க முடியாது. தஞ்சாவூரின் முதல் 6 மாதம் போனதற்குக் காரணம் பணம். கொடுத்தவங்க இருந்தாங்கன்னா வாங்கினவங்களும் இருந்தாங்க. சட்டத்தில் இரண்டும் ஒரே குற்றம். கொடுப்பது மட்டும் தப்பு, வாங்குவது சாமர்த்தியம் என்று வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க. "நம்ம காசுதானே திரும்ப வருது" என்பது ரொம்பப் பழைய வசனம்.

வறுமையில் வாங்குகிற ஒரு பாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். சம்பா காய்ந்த வருஷத்தில் கையில் கிடைக்கிற பணத்தின் மதிப்பு ஏ.சி. லேபில் உட்கார்ந்து பேசுகிற நமக்குத் தெரியாது. ஆனா நாம அந்தப் பாட்டி இல்ல. நம்மில் பலருக்கு அது ஒரு வாரத்து ஜொமேட்டோ காசு. நம்ம வீட்டுக்கு வர்ற கவர்ல நம்ம பேருக்கும் சேர்த்து எண்ணி வெச்சிருப்பாங்க. "என் பேரை எடுத்துடுங்க"ன்னு சொல்ல நமக்கு முடியும். தெரு முழுக்கத் திருத்த வேண்டாம். அந்த ஒரு கவரில் ஒரு தலை குறையட்டும். அதுக்கும் மேல தைரியம் இருந்தா, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் ஆப்பில் போட்டோ, வீடியோ அனுப்பலாம். 100 நிமிஷத்தில் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. தெரிஞ்சவங்க மேல புகார் கொடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்கும் தெரியும். அதனால்தான் முதலில் சொன்னதை முதலில் செய்யச் சொல்றேன்.

அடுத்தது, பெயர் சேர்ப்பது. 18 முடிஞ்சும் லிஸ்டில் பெயர் இல்லாதவங்க நம்ம கிளாஸிலேயே இருக்காங்க. முன்னாடி ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022-லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1 என்று நான்கு நாட்கள். புதுசா சேர ஃபார்ம் 6, முகவரி மாற்ற ஃபார்ம் 8, எல்லாம் ஆன்லைன். ஹாஸ்டல் முகவரியிலும் பதியலாம், சொந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம், ஆனா ஏதாவது ஒன்றில்தான். இதில் யோசிச்சு முடிவெடுங்க. வருஷத்தில் 10 மாசம் எந்த ஊர் பஸ்ஸில் தொங்குறீங்க, எந்த ஊர் தண்ணி குடிக்கிறீங்க? இடைத்தேர்தல் முன்கூட்டிச் சொல்லிட்டு வராது. வேட்புமனுத் தாக்கல் முடிஞ்ச பிறகு லிஸ்டில் பெயர் சேர்க்க முடியாது. அறிவிப்பு வந்த அன்னைக்கு ஓடறதுக்குப் பதிலா இப்பவே முடிச்சு வைங்க.

மூன்றாவது, வேட்பாளர்கள் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம், ஃபார்ம் 26. சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கும், ஆணையத்தின் தளத்தில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். ப்ளேஸ்மென்ட்டுக்கு வர்ற கம்பெனியைப் பத்தி எத்தனை ரிவ்யூ படிக்கிறோம்? அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும்.

கடைசியா உங்களுக்கு ஒரு அசைன்மென்ட். உங்க சொந்தத் தொகுதி எதுவாக இருந்தாலும் சரி, பாபநாசமோ, மன்னார்குடியோ, வேதாரண்யமோ, இல்ல வேற மாவட்டமோ, கடந்த பத்து வருஷத்தில் அங்கே எம்.எல்.ஏ. இல்லாத நாட்கள் எத்தனை, கவுன்சிலர் அல்லது ஊராட்சித் தலைவர் இல்லாத நாட்கள் எத்தனை என்று தேதி போட்டுக் கணக்கெடுங்க. பழைய செய்தித்தாளும் ஆணையத்தின் அறிவிக்கைகளும் ஆன்லைனில் கிடைக்குது. ஒரு சாயங்கால வேலைதான். கணக்கை நம் இதழுக்கு அனுப்புங்க, தொகுதி வாரியாக ஒரு அட்டவணை போட்டு அடுத்த இதழில் வெளியிடுவோம். நம்ம அட்டெண்டன்ஸை மட்டும் எல்லாரும் கணக்கு வெச்சுட்டு இருக்காங்க. ஒரு மாறுதலுக்கு நாமளும் ஒரு ரெஜிஸ்டரைத் திறப்போம்.